புளிச்சிக்காய் குழம்புக்குத்தான், குடிப்பதற்கு இல்லை

தினமும் ஒரு டம்ளர் புளிச்சிக்காய்ச் சாறு குடிக்கச் சொல்லும் ஒரு வீடியோவுக்குக் கீழே நேற்று நான் எழுதிய இரண்டு வரிக்கு என்னென்ன பதில் வந்தது என்று பார்த்திருப்பீர்கள். அலோபதி ஏஜெண்டாம் நான். பாட்டி வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறேனாம். நான் எழுதியது இவ்வளவுதான்: புளிச்சிக்காயைப் பிழிந்து சாறாகக் குடிக்காதீர்கள், சிறுநீரகம் கெட்டுப்போகும். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புளிச்சிக்காயை அறிமுகப்படுத்த வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், பிலிம்பி என்கிற புளிப்புக் காய்தான் இது. அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்த்துக் கிடக்கும். நெத்தோலி அவியலில் நாலு காய் கீறிப் போட்டால் அந்த ருசியே தனி. நானும் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். குழம்பில் நாலு காய் போடுவது வேறு, பதினைந்து காயை மிக்சியில் அடித்து, துணியில் பிழிந்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடிப்பது வேறு.

என் மாமா குடித்தார். கொழுப்பு குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் கதவில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெளிறிய பச்சையாக அந்தச் சாறு இருந்ததை நானே பார்த்தேன். "ஒண்ணும் ஆவாது மக்களே, காய்தானே" என்றார். ஐந்தாம் நாள் வாந்தியும் நிற்காத விக்கலும். அப்புறம் மூத்திரம் குறைந்தது. ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினினைப் பார்த்தால் 7.4. என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, எதுவும் இல்லை என்று மாமா சத்தியமே செய்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது மருந்தே இல்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியது நான்தான். ஐந்து முறை டயாலிசிஸ் செய்த பிறகுதான் மீண்டார்.

காரணம் ஆக்சாலிக் அமிலம். இந்தக் காயில் அது மிக அதிகம். ரத்தத்தில் சேர்ந்து, கால்சியத்தோடு கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாக அடைத்துக்கொள்ளும். பக்கத்துக் கேரளத்தில் இப்படிச் சாறு குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி 2013-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். சர்க்கரை இருப்பவர்களும் ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இதே இனத்து நட்சத்திரப் பழமும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

"இங்கிலீஷ் மருந்தில் பக்கவிளைவு இல்லையா?" என்று கேட்கிறீர்கள். இருக்கிறது, யார் இல்லை என்றது? ஆனால் அந்த மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும், அளவு இருக்கும். அந்த வீடியோவில் அளவு இருந்ததா? யார் குடிக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை இருந்ததா?

"நாட்டு வைத்தியத்துக்கு எதிரி" என்பதுதான் எனக்கு மிகவும் வலித்தது. என் அம்மாவின் முழங்கால் வலிக்கு இன்றும் கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரிக்குத்தான் கூட்டிப் போகிறேன். நச்சுள்ள சேரங்கொட்டையைச் சுத்தி செய்யாமல், அதாவது நச்சை முறிக்காமல், ஒரு சித்த வைத்தியர் கையால் தொடுவாரா? பத்தியம், அளவு, எதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று இத்தனையும் வகுத்து வைத்தவர்கள் அவர்கள். அந்த வைத்தியத்தைக் கேவலப்படுத்துவது நானா, போனைப் பிடித்துக்கொண்டு "தினமும் ஒரு டம்ளர்" என்று சொல்கிறவரா? இயற்கை என்றால் கெடுதல் செய்யாதாம். செங்காந்தள் கிழங்கும் இயற்கைதான். தின்றால் உயிர் போகும்.

பாட்டி சாப்பிட்டார்கள் என்கிறீர்கள். பாட்டி குழம்பில் போட்டார்கள். எத்தனை தடவை சொல்வது?

யார் யாரோ திட்டியதைக்கூட விட்டுவிடுவேன். முதல் ஆளாக "உனக்கு என்ன தெரியும்" என்று எழுதியவன் என் சித்தி மகன். மாமாவை டயாலிசிஸ் படுக்கையில் பார்த்துவிட்டு வராந்தாவில் நின்று என் தோளில் சாய்ந்து அழுதவன். அந்த வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போட்டதும் அவன்தான். ராத்திரி மாமி போன் செய்தாள். மாமா அதை இரண்டு தடவை பார்த்துவிட்டாராம், இந்தத் தடவை கொஞ்சமாகக் குடித்தால் போதும் என்கிறாராம்.