இரண்டாவது பெயருக்கும் சேர்த்துத்தான் வாக்கு

தபால் வாக்குச்சீட்டு சென்ற வாரமே வீட்டுக்கு வந்துவிட்டது. பிட்ஸ்பர்க் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், இரண்டு கட்சிகளும் நாள்தோறும் அனுப்பும் வழவழப்பான அட்டைகளுக்கு நடுவே அது கிடக்கிறது. பிரித்துப் பார்த்தேன். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான பகுதியில் கட்சிக்கு ஒரே ஒரு வட்டம். அதன் எதிரே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெயர்கள்: மேலே அதிபர் வேட்பாளர், கீழே துணை அதிபர் வேட்பாளர். மேலே உள்ளவர் வேண்டும், கீழே உள்ளவர் வேண்டாம் என்று சொல்வதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை. வாக்குப்பதிவு நாளான நவம்பர் 5-க்கு மூன்று வாரம்கூட முழுதாக இல்லாத நிலையிலும் நான் முடிவெடுக்கவில்லை. மதில்மேல் பூனை என்கிறார்கள் நண்பர்கள். குடியுரிமை பெற்ற பிறகு இரண்டு கட்சிகளுக்கும் வாக்களித்திருக்கிறேன். இந்த முறை மேலே உள்ள டிரம்ப், கமலா ஹாரிஸ் என்ற இரண்டு பெயர்களும் என்னை எந்தப் பக்கமும் நகர்த்தவில்லை. ஆகவே கீழே உள்ள ஜே.டி. வான்ஸ், டிம் வால்ஸ் என்ற பெயர்களைப் பற்றித்தான் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

துணை அதிபர் பதவி ஒப்புக்கு இருப்பது என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. முதல் துணை அதிபரான ஜான் ஆடம்ஸே மனித அறிவு கண்டுபிடித்தவற்றில் இதைவிட அற்பமான பதவி இல்லை என்று தம் மனைவிக்கு எழுதினார். ஆனால் அந்தப் பதவியில் இருந்தவர்களில் 15 பேர் பின்னாளில் அதிபரானார்கள். அவர்களில் எட்டுப் பேர் அதிபர் இறந்ததாலும், ஒருவர் அதிபர் பதவி விலகியதாலும் அந்த நாற்காலிக்கு வந்தவர்கள். 1944-இல் ரூஸ்வெல்ட்டின் உடல்நலம் குன்றியிருப்பதை அறிந்த கட்சித் தலைவர்கள் ஹென்றி வாலஸை ஒதுக்கிவிட்டு ஹாரி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாள்கள்தான். 1945 ஏப்ரல் 12 அன்று அவர் பதவியேற்றபோது, அணுகுண்டு தயாராகிக்கொண்டிருக்கிறது என்ற விவரம்கூட அவரிடம் முறையாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. நான்கு மாதம் முடிவதற்குள் ஹிரோஷிமா பற்றிய முடிவு அவருடைய கையில் இருந்தது.

இவ்வளவு பழைய கதைக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. 2024 ஜூலை 13 அன்று எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் பட்லரில் டிரம்ப்பின் காதை ஒரு தோட்டா உரசிச் சென்றது. இரண்டு நாள் கழித்து மில்வாக்கியில் ஜே.டி. வான்ஸின் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்த இரண்டு நாள்களில் என் மனத்தில் இருந்த கேள்வி ஒன்றுதான்: 78 வயதான ஒருவர், மரணம் இவ்வளவு நெருங்கி வந்துபோன பிறகு, தமக்கு அடுத்த இடத்தில் யாரை வைப்பார்? அடுத்த வாரமே, ஜூலை 21-இல், பைடன் போட்டியிலிருந்து விலகினார். 2020-இல் அவர் துணைக்குத் தேர்ந்தெடுத்த ஹாரிஸ், ஓர் உள்கட்சித் தேர்தலைக்கூடச் சந்திக்காமல், வாக்குப்பதிவுக்கு 107 நாள்களே இருக்கும்போது வேட்பாளர் ஆனார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எடுத்த முடிவுதான் இன்று என் மேசையில் அச்சிட்ட தாளாகக் கிடக்கிறது. அன்று அந்தப் பெயரை எத்தனை பேர் நிதானமாக எடைபோட்டோம்?

இந்த முடிவில் என்னைக் கவர்வது, வேட்பாளர் பதவிக்கு வருவதற்கு முன்பே நம் கண்முன்னால் எடுக்கும் உண்மையான முடிவு இது ஒன்றுதான் என்பது. வரியைக் குறைப்பேன், எல்லையைக் காப்பேன் என்பவை வாக்குறுதிகள். துணையைத் தேர்ந்தெடுப்பது செயல். யாரை வைத்துக்கொண்டார், யாரைத் தவிர்த்தார், என்ன அவசரத்தில் செய்தார் என்பதையெல்லாம் நாம் பார்த்துவிடுகிறோம். 2008-இல் எனக்கு வாக்குரிமை இல்லை. ஆனாலும் அந்த ஆண்டு அதிபர் வேட்பாளராக நின்ற ஜான் மெக்கெய்ன் மீது பெரிய மரியாதை இருந்தது. அனுபவமே தம் பலம் என்று பேசிவந்த அவர், 72 வயதில், அலாஸ்காவின் ஆளுநராக இரண்டு ஆண்டுகள்கூட முடிக்காத சாரா பேலினை அறிவித்த நாளில் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் இன்றும் நினைவிருக்கிறது. பேலின் மீது எனக்குக் கோபம் இல்லை. மெக்கெய்னின் நிதானத்தின் மீது இருந்த நம்பிக்கைதான் குறைந்தது. தம் நண்பர் ஜோ லீபர்மனைத் தேர்ந்தெடுக்காமல் போனதற்கு வருந்துவதாக அவரே பல ஆண்டுகள் கழித்து எழுதினார்.

தொலைக்காட்சியில் வரும் மாநிலக் கணக்கு எனக்கு உதவவில்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் சபையில் பென்சில்வேனியாவுக்கு 19 வாக்குகள் இருப்பதால், எங்கள் ஆளுநர் ஜாஷ் ஷபீரோவைக் கமலா ஹாரிஸ் எடுத்திருக்க வேண்டும் என்று இங்கே ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஷபீரோவை நானும் மதிக்கிறேன். 2022-இல் ஏறத்தாழ 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றவர். ஆனால் சொந்த மாநிலத்தைக் கொண்டுவருவார் என்ற கணக்கு, 2004-இல் ஜான் எட்வர்ட்ஸை நிறுத்தி வட கரோலினாவை இழந்தபோதும், 2012-இல் பால் ரையனை நிறுத்தி விஸ்கான்சினை இழந்தபோதும் பொய்த்தது. எங்கள் ஊர்க்காரர் என்பதற்காக நான் வாக்களிப்பேன் என்று ஒரு கட்சி கணக்குப் போட்டால், அதை நான் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வேன்.

தலைவரிடம் இல்லை என்று சொல்லக்கூடியவரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். 2020 தேர்தல் முடிவை உறுதிசெய்ய 2021 ஜனவரி 6 அன்று கூடிய நாடாளுமன்றத்தில் (காங்கிரஸில்), ஆட்சேபம் எழுப்பி விவாதிக்கப்பட்டவை இரண்டு மாநிலங்களின் வாக்குகள்: அரிசோனாவும் பென்சில்வேனியாவும். ஆக, அன்று நிராகரிக்கச் சொல்லிக் கேட்கப்பட்டவற்றில் என் வாக்கும் ஒன்று. அதிபரின் நெருக்குதலுக்கும் வெளியே கூடியிருந்த கூட்டத்தின் கூச்சலுக்கும் நடுவே, வாக்குகளை நிராகரிக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்று அன்றைய துணை அதிபர் மைக் பென்ஸ் உறுதியாக நின்றார். அவருடைய கொள்கைகள் பலவற்றை நான் ஏற்பதில்லை. அந்த இரவுக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். அவருடைய இடத்தில்தான் இப்போது வான்ஸ் நிறுத்தப்பட்டிருக்கிறார். வான்ஸ் கூர்மையானவர், ஓஹாயோவின் ஆலைநகரங்களைப் பற்றி அவர் பேசும்போது, எஃகு ஆலைகள் மூடப்பட்ட மோனோங்கஹேலா ஆற்றங்கரை ஊர்கள் வழியாக வேலைக்குப் போகும் எனக்கு அதில் உண்மை தெரிகிறது. ஆனால் தாம் அன்று துணை அதிபராக இருந்திருந்தால், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வாளர் பட்டியல்களை (தேர்தல் சபையில் மாநிலத்தின் சார்பில் வாக்களிப்பவர்களின் பட்டியல்களை) கேட்டிருப்பேன் என்று 2024 பிப்ரவரி மாதம் அவர் தொலைக்காட்சியில் சொன்னார். அக்டோபர் 1 அன்று நடந்த துணை அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தில், 2020-இல் டிரம்ப் தோற்றாரா என்ற நேரடிக் கேள்விக்கு, தம் கவனம் எதிர்காலத்தின் மீது என்று விலகிக்கொண்டார். பென்ஸுக்குப் பிறகு இப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்ததன் மூலம் டிரம்ப் எனக்கு ஏதோ சொல்கிறார். அது எனக்குக் கேட்கிறது.

அதனால் மறுபக்கம் கண்ணை மூடிக்கொண்டு போய்விட முடியுமா என்றால், அங்கும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. டிம் வால்ஸ் பள்ளி ஆசிரியராக இருந்தவர், தேசியக் காவற்படையில் 24 ஆண்டுகள், காங்கிரஸில் 12 ஆண்டுகள், 2019 முதல் மினசோட்டாவின் ஆளுநர். நாளைக் காலையே பதவியேற்க வேண்டி வந்தாலும் நிர்வாகம் புதிதாக இருக்காது. ஆனால் அவருக்கு அதிபராகும் ஆசை இல்லை என்பதும், ஹாரிஸோடு இயல்பாக ஒத்துப்போனார் என்பதும் அவருக்குச் சாதகமாக அமைந்தன என்று செய்திகள் கூறின. தலைவருக்கு அது வசதி. ஆனால் நாளைக்கே அந்த நாற்காலியில் அமர வேண்டியிருக்கலாம் என்ற பதவிக்கு, அதில் அமர விரும்பாததைத் தகுதியாக வைப்பது எனக்குப் புரியவில்லை. 1989-இல் தாம் சீனாவில் இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் தடுமாறியதைப் பார்த்தேன். தவறாகச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார் என்பதையும் பார்த்தேன். ஒப்புக்கொண்டதை நான் கணக்கில் சேர்க்கிறேன். அவர் ஹாரிஸிடம் இல்லை என்று சொல்வாரா என்பதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்துச் சுவரொட்டிகளும், வான்ஸின் மனைவி உஷாவின் பெற்றோர் ஆந்திரத்திலிருந்து வந்த கதையும் மாறிமாறி வருகின்றன. ஷியாமளா கோபாலனின் மகள் ஹாரிஸ் இந்த உயரத்துக்கு வந்ததில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சியை வாக்குச்சீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

என் சீட்டு நவம்பர் 5 இரவு எட்டு மணிக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தபாலை நம்பாமல் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன். அதுவரை விவாதத்தின் எழுத்து வடிவத்தை மீண்டும் வாசித்துக்கொண்டிருப்பேன். பென்சில்வேனியாவில் உள்ள நண்பர்கள் என்னை ஒரு பக்கம் இழுக்க நினைத்தால், மேலே உள்ள பெயரைப் பற்றி எழுத வேண்டாம், அது போதுமான அளவு கேட்டாகிவிட்டது. கீழே உள்ளவர் ஏன் தகுதியானவர் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வாசித்துப் பதில் எழுதுகிறேன்.