கையெழுத்துப் போட்டால் போய்விடுவார்கள் என்று நினைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எல்லோரும் படிக்கலாம், முக்கியமாக வேறு மொழி பேசும் நாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் தெரிந்த பெண் ஒருவர் "அக்கா, உடனே வர முடியுமா?" என்று போன் செய்தார். போனால், சாப்பாட்டு மேசையில் குழந்தைகள் நலத் துறையிலிருந்து வந்த இரண்டு பேர். சின்னவன் முதுகில் ஒரு காயத்தைப் பள்ளியில் யாரோ பார்த்துப் புகார் போயிருக்கிறது. அம்மாவுக்கு அந்த நாட்டு மொழி அரைகுறை, அதனால் ஒன்பது வயது மகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். "நீ தம்பியை எதாலயாவது அடிச்சியான்னு கேக்குறாங்கம்மா." இதைச் சொல்லும்போது அவள் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தாள். மேசை மேல் நாலு பக்கத் தாள், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பேனாவும் மூடி கழற்றியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "சைன் பண்ணிட்டா போயிடுவாங்கதானே அக்கா?"

தாளை வாங்கிப் படித்தேன். மகனைச் சில நாட்கள் வேறு இடத்தில் தங்க வைக்கச் சம்மதம் என்று எழுதியிருந்தது. எத்தனை நாள் என்று இல்லை. திரும்ப எப்போது கூட்டி வரலாம் என்றும் இல்லை.

வந்த இருவரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அடி வாங்கும் பிள்ளைகள் உண்மையிலேயே இருக்கிறார்கள், யாராவது கதவைத் தட்டாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு நாதியே இல்லை. விசாரணை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விசாரிக்கப்படும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உரிமைகள் இருக்கின்றன, அதை அந்த மேசையில் யாருமே சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம்.

1989-ல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-வது பிரிவைப் பாருங்கள். பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளையைப் பிரிப்பதென்றால், அது பிள்ளையின் நலனுக்கு அவசியம் என்று உரிய அதிகாரிகள் சட்டப்படி தீர்மானிக்க வேண்டும், அந்த முடிவை நீதிமன்றம் பரிசீலிக்க வழி இருக்க வேண்டும், சம்பந்தப்பட்ட எல்லோரும் தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. பெற்றோரின் உரிமை என்று நாம் பேசுவதில் பாதி, பிள்ளையின் உரிமையாகத்தான் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால்? அப்புறம் எந்த நீதிபதியும் அதைப் பார்க்க வேண்டிய அவசியமே வராமல் போகலாம். இங்கிலாந்தில் 1989 சிறார் சட்டத்தின் 20-வது பிரிவு இப்படித்தான். அதன்படி பிள்ளையை வேறு இடத்தில் தங்க வைப்பது பெற்றோரின் சம்மதத்தில் நடப்பது, நீதிமன்றம் தேவையில்லை. 2007-ல் லண்டனில் ஒரு குடும்பத்தின் எட்டுப் பிள்ளைகளை போலீஸ் அவசரமாக எடுத்தது. அந்த அதிகாரத்துக்கு ஆயுள் 72 மணி நேரம்தான். அதற்குள் பெற்றோரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள், பிள்ளைகள் வீடு திரும்ப ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. பெற்றோர் நஷ்ட ஈடு கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2018-ல் தோற்றது. தோற்றாலும், அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயம் தெளிவாகப் பதிந்திருக்கிறது. பெற்றோர் பிள்ளையை ஒப்படைப்பது உண்மையான, சுயவிருப்பமான முடிவாக இருக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத நிலையில், சட்டப்படி பிள்ளையின் பொறுப்பு உள்ள பெற்றோர் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

அமெரிக்காவில் 2003-ல் கூட்டாட்சிச் சட்டத்தைத் திருத்தி, முதல் சந்திப்பிலேயே என்ன புகார் என்று சொல்லிவிட வேண்டும் என்று வைத்தார்கள். டெக்சாஸ் மாநிலம் 2023-ல் இன்னும் ஒரு படி மேலே போனது: வக்கீல் இல்லாமல் பேசத் தேவையில்லை, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்குள் விடத் தேவையில்லை என்பதையெல்லாம் விசாரிக்க வருபவரே பெற்றோரிடம் வாயாலும் எழுத்திலும் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் இப்படி ஒரு விதி வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். திருட்டு வழக்கில் பிடிபட்டவனுக்கே உன் உரிமை இது என்று படித்துக் காட்டுகிறார்கள், பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறவளுக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி, வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்வது. கத்தாதீர்கள், கதவை அறைந்து சாத்தாதீர்கள், அது உங்களுக்கு எதிராகவே குறிப்பில் ஏறும். "பேசுகிறேன், ஆனால் என்ன புகார் என்று முதலில் சொல்லுங்கள், எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வக்கீலிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்." இதைச் சொன்னால் எதையோ மறைப்பதாக நினைப்பார்களோ என்ற பயம்தான் பெரும்பாலானவர்களைக் கவிழ்க்கிறது. சொல்லுங்கள், தப்பில்லை. ஒரு நோட்டில் தேதி, நேரம், வந்தவர் பெயர், கேட்டது, நீங்கள் சொன்னது எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். யார் போட்டுக் கொடுத்தது என்று துப்பறிய இறங்காதீர்கள், புகார் கொடுத்தவர் பெயரை அநேகமாகச் சொல்லமாட்டார்கள், அந்தத் தேடலில் உறவும் நட்பும் போவதுதான் மிச்சம். அப்புறம் ஒன்று, அவசர ஆபத்து என்று அவர்கள் முடிவு செய்தாலோ நீதிமன்ற உத்தரவோடு வந்தாலோ தடுக்காதீர்கள். அந்த உத்தரவை எதிர்த்து வாதாட வேண்டிய இடம் நீதிமன்றம்.

பிள்ளை பிரிந்துவிட்டால் ஒரு சந்திப்பைக்கூடத் தவறவிடாதீர்கள். நார்வே நாட்டுத் தாய் ஒருவரின் வழக்கில் 2019-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நார்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்ததற்கு ஒரு காரணம் இதுதான்: தாயும் பிள்ளையும் பார்க்கக் கிடைத்ததே மிகக் கொஞ்ச நேரம், அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்து அவரால் எப்படிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று எடை போட்டது போதாது என்றது நீதிமன்றம். தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பிள்ளை வேறொரு குடும்பத்துக்குத் தத்துப் போய் வருடங்கள் ஆகியிருந்தன.

அன்றைக்கு நான் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கையெழுத்து வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒழுங்காகப் பேசினார்கள், பையன் மாடிப்படியில் சறுக்கி விழுந்ததை டாக்டரும் உறுதி செய்தார். சில வாரங்களில் விசாரணை முடிந்ததாகக் கடிதம் வந்தது.

ஆனால் அவர்கள் கிளம்பிப் போன அந்தச் சாயங்காலம் அந்தப் பெண்குழந்தை என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "நான் சொன்னதெல்லாம் சரியா ஆன்ட்டி? ஒரு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியல, நானா ஒண்ணு சொல்லிட்டேன்." எந்த வார்த்தை என்று கேட்டேன். அவளுக்கு அதைத் திரும்பச் சொல்லத் தெரியவில்லை.