மூன்று கால் எறும்பும் அறை எண் 606உம்

பிரிட்டிஷ் மாடல் கிறிஸ்டீன் கீலர் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகுப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் 1963ஆம் வருடத்துக் கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். டென்மார்க் கட்டடக் கலைஞரும் வடிவமைப்பாளருமான ஆர்னே யாகப்சனின் நாற்காலி என்று சொல்லித்தான் இன்றும் பகிர்கிறார்கள். அந்த நாற்காலி போலி! முதுகுப் பலகையில் கைவிட்டுத் தூக்க ஒரு ஓட்டை தெரியும், பாருங்கள். 1955இல் அவர் வடிவமைத்த அசலில் அது கிடையாது.

யாகப்சன் எப்படி எரிச்சல்பட்டிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏனென்றால் தன் வேலையில் அடுத்தவர் கை படுவதை மனிதர் சகிக்கமாட்டார். எஸ்.ஏ.எஸ் விமான நிறுவனத்துக்காக கோபன்ஹேகனில் கட்டி 1960இல் திறந்த ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் மட்டுமல்ல, விளக்கு, கதவுக் கைப்பிடி, திரைச்சீலை, சாப்பிடும் கரண்டி வரை அவரே வரைந்தார். முட்டை நாற்காலியும் அன்ன நாற்காலியும் அந்த ஹோட்டலுக்காகப் பிறந்தவைதான். ஊர்க்காரர்கள் கட்டடத்தைக் கண்ணாடிச் சுருட்டுப்பெட்டி என்று கிண்டலடித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் கேத்தரின்ஸ் கல்லூரியைக் கட்டியபோது செடி கொடிகளோடு, குளத்தில் என்ன மீன் விடுவது என்பதையும் அவரே முடிவு செய்தார். மீனைக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்தப் பிடிவாதத்தை மேதைமை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர மண்டபத்துக்கு அவரும் இன்னொரு கட்டடக் கலைஞரான எரிக் மொல்லரும் முதலில் போட்ட வரைபடத்தில் கோபுரமே இல்லை. நகர மண்டபம் என்றால் கோபுரம் வேண்டாமா என்று மக்கள் சண்டை பிடித்தார்கள். கடைசியில் வேண்டாவெறுப்பாகச் சேர்த்தார்கள். 1941இல் திறந்த அந்தக் கட்டடத்தின் அடையாளமே இன்றைக்கு அந்தக் கோபுரம்தான்.

இரண்டு வருடம் கழித்து எல்லாமே கைமீறிப் போனது. டென்மார்க் நாஜிகள் பிடியில் இருந்தது, யாகப்சன் யூதர். 1943இல் யூதர்களைப் பிடிக்கத் தொடங்கியதும் மனைவி யோன்னாவோடு ஒரு துடுப்புப் படகில் ஓரசுண்ட் நீரிணையைக் கடந்து ஸ்வீடனுக்குப் போனார். பவுல் ஹென்னிங்சன் என்ற விளக்கு வடிவமைப்பாளரும் அதே படகில். அங்கே கட்ட வீடு ஏது? துணிக்கும் சுவர்த்தாளுக்கும் புல், பூ, இலை என்று வரைந்தார். யோன்னா துணியில் அச்சடிக்கத் தெரிந்தவர், அந்தக் கைத்தொழில் உதவியது. கண்ணாடியும் இரும்புமாக வறட்டு ஆள் என்று இவரை நினைப்பவர்கள் அந்தப் பூக்களை ஒருமுறை பார்க்கவேண்டும். போர் முடிந்து திரும்பியபிறகும் கிளாம்பன்போர்க் வீட்டுத் தோட்டத்தில் செடிகளோடுதான் கிடந்தார்.

சரி, எறும்புக்கு வருகிறேன். நோவோ என்ற மருந்து நிறுவனத்தின் கேண்டீனுக்காக 1952இல் செய்த நாற்காலியின் பெயர் அது. மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றை ஒரே துண்டாக வளைத்து, உட்காரும் இடத்தையும் முதுகையும் சேர்த்தே செய்யவேண்டும். ஒரு பக்கம் வளைத்தால் பலகை கேட்கும். இரண்டு பக்கமும் சேர்த்து வளைத்தால் மடியும் இடத்தில் வெடிக்கும். அந்த இடத்தில் இருக்கும் மரத்தையே வெட்டி எடுத்துவிட்டார். எறும்பின் இடுப்பு அப்படி வந்ததுதான். அழகுக்காக வைத்தது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கீழே மூன்றே கால். ஓரமாகச் சாய்ந்தால் ஆளோடு கவிழும். தயாரித்த ஃப்ரிட்ஸ் ஹான்சன் கம்பெனிக்கே முதலில் தயக்கம். நாலாவது காலுக்கு மட்டும் யாகப்சன் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

இவ்வளவு கட்டிக்காத்தவரிடம் என்ன மிஞ்சியது என்று பாருங்கள். அந்தக் கோபன்ஹேகன் ஹோட்டலின் அறைகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டார்கள். 606ஆம் எண் அறையை மட்டும் பழைய மேனிக்கு வைத்திருக்கிறார்கள். முட்டை நாற்காலி அங்கிருந்து கிளம்பி உலகமெல்லாம் போய்விட்டது, தனக்காக வரைந்த திரைச்சீலையும் விளக்கும் கூட வராமல். ஹோட்டல் கரண்டிகள் 1968இல் ஸ்டான்லி குப்ரிக்கின் விண்வெளிப் படத்தில் எதிர்காலத்துக் கரண்டிகளாக நடித்தன. முழுசாக ஒரே உலகமாக இருக்கவேண்டும் என்று அவர் துடித்தார். பிய்ந்து வெளியே வந்தவைதான் நன்றாகப் பிழைத்தன. எனக்கு இதில் வருத்தமே இல்லை. ஒருவர் வரைந்த அறைக்குள் அவர் சொன்ன இடத்திலேயே நாள் பூராவும் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்?

1971இல் அவர் இறந்தார். அதற்கப்புறம் எறும்புக்கு நாலாவது காலும் வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கிழவர் பக்கம். வாங்க வசதி வந்தால் மூன்று கால்தான் வாங்குவேன், விழுந்து எழுந்தாலும் பரவாயில்லை.