பிழை முதல் வரியில் இருந்தது
சட்டம் ஒரு வரி, நடந்தது ஒரு வரி, இரண்டையும் சேர்த்தால் தீர்ப்பு தானாக வந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பைப் பாருங்கள். நெருக்கடி நிலையில் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்பதே வழக்கு. பெரும்பான்மை நீதிபதிகளின் தர்க்கம் இப்படிப் போனது: உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஒன்றே ஆதாரம். அதைக் காட்டி வழக்குத் தொடரும் உரிமையை நெருக்கடி நிலையில் குடியரசுத் தலைவரின் ஆணை நிறுத்திவிட்டது. ஆகவே தன்னைச் சிறைவைத்தது சட்டப்படி சரியா என்று கேட்டு, சிறையில் இருப்பவர் போடும் ஆட்கொணர்வு மனு செல்லாது. இந்தத் தர்க்கச் சங்கிலியில் எங்கும் ஓட்டை கிடையாது. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, ஒரு காவலர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன நிவாரணம் என்று கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை எதுவும் இல்லை, தன் வாதம் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது என்று அரசுக்காக வாதாடிய அட்டர்னி ஜெனரல் நிரேன் டே ஒப்புக்கொண்டார். அதைக் கேட்ட பிறகும் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கமே நின்றார்கள் என்பதை இன்று படித்தாலும் மனம் பதைக்கிறது. கன்னா மட்டும் முதல் வரியையே மறுத்தார்: அரசியல் சட்டம் வருவதற்கு முன்பும் சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒருவர் உயிரைப் பறிக்க அரசுக்கு அதிகாரம் இருந்ததில்லையே! 2017இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில்தான் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறென்று ஒதுக்கப்பட்டது. கணினியிடம் கொடுத்தால் பிழையே வராது என்று அந்தக் கட்டுரைக்கு மறுமொழி எழுதியிருக்கும் நண்பருக்கு: அந்த முதல் வரியைக் கொடுத்திருந்தால் கணினியும் நால்வரோடுதான் சேர்ந்திருக்கும்.