பெயரில் கோணம், பெட்டியில் காணோம்

மழை ஓய்ந்த ஒரு மாலை, வெட்டவெளியில் முழு வானவில் ஒன்று எழுந்தது. எங்கும் அறுபடாத அரைவட்டம். கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை அதன் மிக அகலமான 18-இல் வைத்துக் கண்ணோடு ஒட்டினேன். வில்லின் வலது கால் உள்ளே வந்தால் இடது கால் வெளியே நின்றது. நாலடி பின்வாங்கினால் சரியாகிவிடும் என்று நடந்தேன். இருபதடி நடந்தேன். அது என்ன கட்டடமா, தள்ளிப் போனால் சிறுத்துக் காட்ட? எவ்வளவு விலகினாலும் வானவில் அதே அகலம். அது கலைந்த பிறகுதான் என் கால்கள் நின்றன. அன்று பிடித்தது இந்த வைட் ஆங்கிள் லென்ஸ் பைத்தியம்.

எனக்கு வேண்டிய விவரம் ஒன்றே ஒன்று. வானவில்லின் ஆரம் 42 டிகிரி. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு 84 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறத்தாழ 10 டிகிரியை மறைக்கும். ஆக வானவில் எட்டரை முஷ்டி அகலம். என் 18 மி.மீ. லென்ஸ் என் கேமராவில் பக்கவாட்டாக 66 டிகிரிதான் பார்க்கிறது, அதாவது ஆறரை முஷ்டி. இரண்டு முஷ்டி குறைகிறது, அவ்வளவுதான் என் பிரச்சினை. 'பக்கவாட்டில் 84 டிகிரிக்கு மேல் பார்க்கிற லென்ஸ் எது?' என்று கடையில் கேட்டேன். கேள்வி புரியாததுபோல் ஒரு பார்வை. "எத்தனை மி.மீ. வேண்டும், சார்?" அதைத்தானே ஐயா நான் உங்களிடம் கேட்கிறேன்! பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வைட் ஆங்கிள் என்றால் அகன்ற கோணம். பெயரிலேயே கோணம் இருக்கிறது. பெட்டியில் ஒரு டிகிரி கூடக் காணோம்.

வேறு எல்லாம் இருக்கிறது. ஆட்டுக்கு வால் அளந்து வைத்தவன், லென்ஸின் பெயருக்கு மட்டும் வாலை அளக்க மறந்துவிட்டான். கண்ணாடிக்கு ஓர் எழுத்து, மோட்டாருக்கு மூன்று எழுத்து, நடுக்கம் தடுப்பதற்கு இரண்டு எழுத்து, அந்த வரிசையில் எத்தனையாவது பதிப்பு என்று ரோமன் எண். இத்தனைக்கும் இடம் இருக்கிறது. இது எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்பதற்கு மட்டும் இடமில்லை. அதற்குப் பதில் மில்லிமீட்டர். குவியத் தூரமாம், தூரத்து ஒளியை லென்ஸ் ஒரு புள்ளியில் குவிக்க எடுக்கும் தூரம். என் தையல்காரரிடம் சட்டையின் அகலம் கேட்டால் ஊசியின் நீளத்தைச் சொல்வதைப் போலிருக்கிறது.

சரி, அந்த மில்லிமீட்டராவது ஒரே பேச்சு பேசுகிறதா? 10 மி.மீ. என்று எழுதிய லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் படம் விழும் சில்லுக்குச் சென்சார் என்று பெயர். அதில் 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரின் முன் அந்த லென்ஸ் பக்கவாட்டில் 122 டிகிரி பார்க்கும். நிக்கான், சோனி, ஃபியூஜி ஆகியவற்றின் ஏபிஎஸ்-சி என்னும் சின்ன சென்சாரில் 99 டிகிரி, என் கேமரா இந்த ரகம்தான். கேனனின் ஏபிஎஸ்-சி சென்சார் கொஞ்சம் சின்னது, அதில் 96. அதைவிடச் சின்னதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் 82, வானவில் வெளியே போயிற்று. ஒரே எண், நான்கு கோணம். என் கேமராவில் வானவில்லை அடக்கும் 12 மி.மீ., அந்த நான்காவது கேமராவில் அதன் ஒரு காலை வெளியே தள்ளிவிடும்.

இந்த இடத்தில்தான் அறிவுரை சொல்பவர்கள் கூட்டமாக வருவார்கள். "ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட 1.5-ஆல் பெருக்கு தம்பி, அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "பெருக்காதே, அது சின்ன சென்சாருக்கென்றே செய்த லென்ஸ், ஏற்கனவே பெருக்கித்தான் எழுதியிருக்கிறார்கள்" என்பார் அடுத்தவர். இந்த இரண்டாமவரை நான் மன்னிக்கவே மாட்டேன், ஏனென்றால் இரண்டு வாரம் அவரை நம்பித் திரிந்தேன். சின்ன சென்சாருக்குச் செய்தாலும் லென்ஸில் எழுதியிருப்பது உண்மையான குவியத் தூரம்தான். ஒப்பிட வேண்டுமானால் பெருக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அவரையும் முழுக்கக் குறைசொல்ல முடியாது. செல்பேசிக்காரர்கள் பெருக்கி வந்த எண்ணைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள். நகம் அளவு சென்சாரை வைத்துக்கொண்டு 24 மி.மீ. என்கிறார்கள். ஓரிடத்தில் பெருக்கியது, ஓரிடத்தில் பெருக்காதது. எது எது என்று வாங்குகிறவன் ஜோசியம் பார்க்க வேண்டும்.

"10-க்கும் 12-க்கும் என்ன பெரிய வித்தியாசம், சார், ரெண்டு மில்லிமீட்டர்தானே" என்று விற்பனையாளர் கையை விரித்தார். இந்த மில்லிமீட்டர் செய்யும் மோசடியில் இதுதான் உச்சம். 55-க்கும் 57-க்கும் இடையே என் கேமராவில் ஒரு டிகிரிகூட வித்தியாசம் வராது. 10-க்கும் 12-க்கும் இடையே 10 டிகிரி. ஒரு முழு முஷ்டி! டிகிரியில் எழுதியிருந்தால் 99, 89 என்று குழந்தைக்கும் தெரியும். மில்லிமீட்டரில் எழுதியதால் அது இரண்டாகச் சுருங்கிவிட்டது.

கோணத்தை எங்குமே தருவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், லென்ஸின் எடைக்குப் பக்கத்தில், எறும்பெழுத்தில் தருகிறார்கள். அதிலும் பெரும்பாலும் மூலைவிட்டக் கோணம். 10 மி.மீ.க்கு 109 டிகிரி என்று போட்டிருக்கும். ஆகா என்று துள்ளினால், அது மேல் இடது மூலைக்கும் கீழ் வலது மூலைக்கும் இடையே. தலையைச் சாய்த்து மூலைவிட்டமாக உலகத்தைப் பார்க்கிறவர் யார்? பெரிய எண் வருகிறது என்பதைத் தவிர வேறென்ன காரணம் எனக்குத் தெரியவில்லை.

கோணத்தைப் பற்றி ஒருவரும் பேசாததற்கு ஈடாக, மூலைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூலையில் கூர்மை போதாது, மூலை இருட்டாக இருக்கிறது, மூலையில் ஊதாக் கோடு விழுகிறது. செங்கல் சுவரைப் படம் எடுத்து, அதன் ஓரத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, அங்கே ஒரு செங்கல் மங்கலாக இருப்பதைக் கண்டு மனமுடைந்து போகிறவர்கள் இவர்கள். அடுத்து, லென்ஸுக்குள் ஒளியை விடும் துளை; எஃப்-க்குக் கீழே எண் சிறுத்தால் துளை பெரிது. "எஃப்/2.8 இல்லாததை வாங்கினால் வருத்தப்படுவாய்." இரவில் நட்சத்திரம் எடுப்பவர்களுக்கு அது வேண்டும், ஒப்புக்கொள்கிறேன், அவர்கள் தவம் வேறு. நான் எடுக்கப்போவது பட்டப்பகல் வானம். 10 மி.மீ.யில் எஃப்/8 வைத்து, முக்கால் மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்துவிட்டால், காலடிப் புல் முதல் தொடுவானம் வரை தெளிவாக விழும். எனக்கு எதற்கு அந்த 2.8-இன் கனம்?

ஃபில்டர் தொல்லையை ஒரு வரியில் முடிக்கிறேன்: சில அகலமான லென்ஸ்களின் முன்கண்ணாடி தவளைக்கண் போலப் பிதுங்கி நிற்கும், ஃபில்டரைத் திருகவே முடியாது, திருக முடிந்த லென்ஸில் வானத்தைக் கருநீலமாக்கும் போலரைசர் என்ற ஃபில்டரைப் போட்டால் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளுப்பு என்று திட்டுத்திட்டாகும்.

எல்லாம் கடந்து ஒரு பழைய 11 மி.மீ. லென்ஸ் கைக்கு வந்தது. பூட்டினேன், பொத்தானை அழுத்தினேன், அசைவே இல்லை. என் கேமராவின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. இந்த லென்ஸிலும் கிடையாது. இருவரும் அடுத்தவர் செய்வார் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே, சார்" என்றார். நான் கேட்ட கேள்வி ஒன்றுக்கு மூன்று மாதமாக யாரும் பதில் சொல்லவில்லை, கேட்காததற்கு மட்டும் சொல்லிவிடுவார்களாக்கும். கோபம் தணிந்த பிறகுதான் உறைத்தது: முக்கால் மீட்டரில் கையால் ஒருமுறை வைத்துவிட்டால் மோட்டாருக்கு அங்கே வேலையே இல்லை. வளையத்தில் அந்த இடத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டினேன். இன்றுவரை அதை நகர்த்தவில்லை. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்!

வாங்கிய கையோடு குடும்பத்தை வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்தது என் தவறு. ஓரத்தில் நின்ற சித்தப்பாவின் தலை பக்கவாட்டில் இழுபட்டு, காற்று அடித்த தலையணை போல வந்தது. இது லென்ஸின் கோளாறு இல்லை. கோடுகளை நேராக வைத்துக்கொண்டு இவ்வளவு அகலத்தைத் தட்டையான படத்தில் விரித்தால் ஓரத்தில் இருப்பது இழுபட்டே தீரும். நடுவிலிருந்து 50 டிகிரி தள்ளி வைத்த பந்துகூட ஒன்றரை மடங்கு நீண்ட முட்டையாகத்தான் தெரியும். இதை அவரிடம் விளக்கினேன். "அப்படியானால் உன்னை ஏன் ஓரத்தில் நிறுத்திக்கொள்ளவில்லை?" என்றார். பதில் இல்லை.

போன வாரம் மறுபடியும் மழை விட்டது. சூரியன் அடிவானத்தை ஒட்டி, எதிரே முழு அரைவட்டம். ஓடினேன். பூட்டினேன். இரண்டு காலும் உள்ளே! பக்கத்துக்குக் கொஞ்சம் இடம்கூட மிச்சம். படத்தில் வானவில் நூல்போல மெலிந்துதான் இருந்தது, அகலத்துக்குக் கொடுத்த விலை அது. கீழே நட்டநடுவில் ஈரப் புல்லின் மேல் என் நெடிய நிழல், முகத்தருகே தூக்கிய முழங்கைகளோடு. வானவில்லின் மையம் எப்போதும் பார்ப்பவன் தலையின் நிழல் விழும் திசையில்தான் இருக்கும். அகலமாகப் பார்த்தால் நானும் உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

பெருக்கச் சொன்ன அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். விரல்களால் அகட்டி அகட்டி, வானவில்லைத் தாண்டி, நிழலைத் தாண்டி, கீழ் இடது மூலைக்குப் போய் நின்றார்.

"மூலையில் கொஞ்சம் மங்கல் அடிக்கிறதே தம்பி, எத்தனை மி.மீ.?"