என்ஜிஓவிடமும் தகவல் கேட்கலாம்

"மூதூரில் வீட்டுத்திட்டம் செய்த என்ஜிஓவிடம் கணக்குக் கேட்க முடியாது, தகவலுக்கான உரிமைச் சட்டம் அரச கந்தோர்களுக்கு மட்டும்தான்" என்று சிலர் சொல்வது பிழை. இலங்கையின் அந்தச் சட்டத்தின் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) 43ஆம் பிரிவைப் பாருங்கள். அரசிடமோ வெளிநாட்டு அரசிடமோ சர்வதேச நிறுவனத்திடமோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனமும் (என்ஜிஓ) அங்கே 'பகிரங்க அதிகாரசபை'தான், அதாவது கேட்டால் தகவல் தரக் கடமைப்பட்ட அமைப்பு. அங்கத்தவர் சந்தாவில் மட்டும் ஓடும் ஊர்ச் சங்கம் இதற்குள் வராது.

ஆனால் ஒரு வரம்பு: அந்தச் சேவை தொடர்பான தகவலை மட்டுமே கேட்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான். "உங்கள் முழுக் கணக்கையும் தாருங்கள்" என்றால் மறுக்க நீங்களே வழி விடுகிறீர்கள். திட்டம், ஆண்டு, கிராம அலுவலர் பிரிவு மூன்றையும் குறிப்பிட்டு, பயனாளிகளை எந்த அளவுகோலில் தெரிவு செய்தார்கள், ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைக் கையாளும் தகவல் அலுவலரை நியமிக்கவில்லை என்பதும் சாக்கல்ல; அதுவரை நிறுவனத் தலைவரே தகவல் அலுவலர்.

14 வேலை நாட்களுக்குள் முடிவு வரவேண்டும். வராவிட்டால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென இருக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு; அவருக்கு மூன்று வாரம். அதற்குப் பிறகு தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடம், இரண்டு மாதத்துக்குள். விண்ணப்பத்தைக் கொடுத்ததற்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்காவிட்டால் இந்த நாள் கணக்கெல்லாம் வீண். அதே கேள்வியைப் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.