ஜூமுக்கு முன் நிற்கும் இடம்

"200 மி.மீ. லென்ஸ் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவது) போட்டால் பின்னாலிருக்கும் மலை கிட்ட வந்துவிடும், நின்ற இடத்தைவிட்டு நகரவே வேண்டாம்" என்று இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பவர்களில் சிலர் சொல்வதுண்டு. அது தவறு. முன்னாலுள்ள பாறைக்கும் மலைக்கும் இடையிலான அளவு விகிதம் நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பாறையிலிருந்து 1 மீட்டரில் நிற்கிறீர்கள். பாறையிலிருந்து 4 மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கினால் படத்தில் பாறையின் உயரம் கால்வாசியாகிவிடும், 5 கி.மீ. தள்ளியிருக்கும் மலை அப்படியேதான் தெரியும். அதன்பிறகு ஜூம் செய்தால் இரண்டும் சேர்ந்தே பெரிதாகும். சந்தேகமா? ஒரே இடத்திலிருந்து 24 மி.மீ.-லும் (அகலமாகக் காட்டுவது) 200 மி.மீ.-லும் எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பாருங்கள். தெளிவு குறையும், அமைப்பு அதேதான்.

அனுபவசாலிகள் ட்ரைபாடை (கேமராவை நிறுத்தும் முக்காலியை) உடனே விரிக்காமல் கேமராவோடு சுற்றிச்சுற்றி வருவதும் குனிவதும் இதனால்தான். உயரம் ஒரு சாண் மாறினாலே பாறையின் உச்சி அடிவானத்தில் முட்டுமா, விலகுமா என்பது மாறிவிடுகிறது.